இடது பின் சக்கரம், கால் அங்குலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இங்கிலாந்தில் ப்ரோம்யார்டு என்ற ஊருக்குப் பக்கத்தில், முன்பு முட்டைக் கிடங்காக இருந்த ஒரு பட்டறையில், தூண்டில் நரம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனை ஒரு இரும்புத் தாங்கியில். ஸ்கேலோடு குனிந்து நின்றவள் பட்டறைக்காரி க்வெண்டா. பக்கத்தில் ஒரு பழைய பந்தயக் கார். நரம்பு பிடிக்கிறவளுக்கு வேறு வேலை கிடையாது. பார்க்கலாம், கேட்கலாம். பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். பார்க்காத இடம் ஒன்று உண்டு. கதையே அங்கேதான் இருக்கிறது, என் நேரம் அப்படி.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. மருந்துக்கடை வேலைக்கு இந்தப் பக்கம் வந்து இருபத்தேழு வருஷம். திலகவதி என்ற பெயரை இவர்கள் டில்லி ஆக்கிவிட்டார்கள். இங்குள்ள பழைய கார் சங்கத்தில் நான்தான் பதிவுச் செயலாளர். பந்தயப் படிவங்களை வாங்கி அடுக்கி வைக்கிற வேலை. வேறு யாரும் மாட்டேன் என்றதால் என் தலையில் விழுந்த பதவி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"மழை ஓய்ந்த ஆகஸ்ட் காலையில், ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே, சிவப்பு நிற—"

[அடித்துவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை. காரும் சிவப்பு இல்லை, வெளிறிய நீலம். மழை வந்தால் கதை கனமாகும் என்று என் கை தானாக எழுதுகிறது.]

இரண்டாம் தொடக்கம்:

"அண்ணனும் தங்கையும் முப்பத்து நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாமல்—"

[இதுவும் பொய். எங்கள் ஊராக இருந்திருந்தால் பேச்சை நிறுத்தியிருப்பார்கள், கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருப்பார்கள், நாலு பேர் பஞ்சாயத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் இங்கிலீஷ்காரர்கள். வாரா வாரம் பேசினார்கள். கோழி, முட்டிவலி, தக்காளியில் வந்த பூச்சி எல்லாம் பேசினார்கள். அந்த ஒன்றைத் தவிர.]

மூன்றாவதாக, சும்மா சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

3

அண்ணன் பெயர் கிளெமன்ட் ட்ரான்டர். அறுபத்தெட்டு வயது. விதைக்கடை வைத்திருந்து விற்றுவிட்டவர். தங்கை ஹெஸ்டர், ஆறு வயது சின்னவள். (ஹெஸ்டரை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்கு அக்கா மாதிரி. அக்காவை யார் 'அவர்' என்று எழுதுவார்கள்?)

கார், டாம்சன் என்று ஒரு வகை. இரண்டே இருக்கை. கூரை என்ற பெயரில் ஒரு தார்ப்பாய். அப்பா வாங்கியது, கிளெமன்டுக்கு வந்தது. ஆனால் ஓட்டத் தெரிந்தவள் ஹெஸ்டர். இதை நான் சொல்லவில்லை, சங்கத்தில் அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆஷ்கோம்ப் மேடு என்று ஒரு குன்றுப் பாதை இருக்கிறது. ஒவ்வொரு காராக ஏறும், கடிகாரம் வைத்து நேரம் எடுப்பார்கள், அதுதான் எங்கள் போட்டி. எழுபத்தொன்பதில் ஹெஸ்டர் அதில் முதலாவதாக வந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது.

எண்பத்தொன்றில் போட்டிக்கு முந்தின நாள் கிளெமன்ட் காரின் பின்பக்கத்துப் பட்டைகளை, அதாவது பின் ஆக்சிலைத் தாங்குகிற ஸ்பிரிங் கட்டுகளை, தானே கழற்றிப் புதுசு போட்டார். போட்டு முடித்து, கொட்டகைக் கதவுக்கு வாங்கி மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை அடிப்பக்கம் முழுக்க அடித்தும் விட்டார். காலையில் அது காயவில்லை. குனிந்து பார்த்த ஹெஸ்டரின் சட்டைக் கையில் பச்சை ஒட்டிக்கொண்டது. சங்கத்து விருந்தில் வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கிற கதை இது. பெயின்ட் காய்வதற்குள் பந்தயத்துக்கு வந்த ஆள் என்று கிளெமன்டை ஓட்டுவார்கள். அவரும் சிரிப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு மூன்றாவது வளைவில், வலப்பக்கம் திரும்பும்போது, காரின் வால் விலகி, இடது பின்பக்கம் மண்கரையில் மோதி நின்றது. ஹெஸ்டருக்கு அடி இல்லை. தகரம் நசுங்கியது, அதை ஒருவர் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து கார் கோணல். நேராகப் போக ஸ்டியரிங்கை ஒரு பொடி இடப்பக்கம் பிடிக்க வேண்டும். வலது வளைவு என்றால் வால் நழுவும். "எண்பத்தொன்னுல பட்ட அடி" என்பார் கிளெமன்ட், எல்லோரிடமும், ஹெஸ்டர் பக்கத்தில் இருந்தாலும். கோபமாகச் சொன்னதே இல்லை. சாவியையும் கொடுத்ததே இல்லை. அவளும் கேட்டதே இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து தொடக்கக் கோட்டில் கடிகாரம் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் ஏறுவதற்குக் கொடி அசைத்துக்கொண்டு முப்பத்து நாலு வருஷம் நின்றாள்.

நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதை எழுதும்போதும் வருகிறது.

4

இந்த வருஷம் மே மாதம் பயிற்சியில் கிளெமன்டுக்கும் அதே வளைவில் வால் விலகியது. மயிரிழையில் தப்பினார். அத்தோடு முடிவு செய்துவிட்டார்: அடிச்சட்டமே வளைந்துபோயிருக்கிறது, வெட்டிப் போட்டுவிட்டுப் புதுச்சட்டம் செய்யச் சொல்லலாம். க்வெண்டாவிடம் போய்ச் சொன்னார்.

க்வெண்டா ப்ராதரோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். புகழ்ந்து புகழ்ந்து சிலை மாதிரி ஆகிவிட்டது. சிலைக்குத் தும்மல் வராது. க்வெண்டாவுக்குக் கோழித்தீவனத் தூசியால் நாள் முழுக்கத் தும்மல். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், ஆண்களின் கால்சட்டை. எல்லோரையும் அவள் கூப்பிடுகிற ஒரு செல்லச் சொல் இருக்கிறது, அதை நான் 'கண்ணு' என்று வைத்துக்கொள்கிறேன், எங்கள் கோபியில் அப்படித்தான். கிளெமன்ட் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒரே வரி.

"வெட்டறது எப்ப வேணா வெட்டலாம் கண்ணு. மொதல்ல அளப்போம்."

5

அவள் அளக்கிறதைப் பார்க்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று வந்த காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என்னையே வாய் மூடி நிற்க வைத்தாள்.

முதலில் காற்று. நாலு டயரிலும் ஒரே அளவு. பிறகு நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்தில் மரக்கட்டை மேடை, கீழே ஆள் படுத்துப் போகிற அளவுக்கு. பிறகு காரின் இரண்டு பக்கமும், நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில், முன்னாலிருந்து பின்னால் வரை தூண்டில் நரம்பு. ஒரு பக்கத்து நரம்பை இரும்புத் தாங்கிகளில் இழுத்துக் கட்டிவிட்டாள். மறுபக்கத்துத் தாங்கி ஒன்று ஆடியது, அதனால் தாங்கிக்குப் பதில் நான்.

இதில் பல பேர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டாம். நரம்பை முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தொடும்படி இழுத்துவிடுவார்கள். இந்தக் காரில் முன்சக்கரங்களுக்கு இடையில் அகலம் அதிகம், பின்னால் குறைவு. தொட்டால் நரம்பு சாய்ந்துவிடும், அப்புறம் எடுக்கிற அளவெல்லாம் தப்பு. அதனால் எதையும் தொடாமல் தள்ளிக் கட்டி, சக்கரத்தின் நடுவுக்கு அளந்து சரிபார்த்து, அதன் பிறகுதான் இரும்பு ஸ்கேலை எடுத்தாள். ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புக்கு எவ்வளவு, பின்விளிம்பிலிருந்து எவ்வளவு. எழுதினாள். சக்கரத்தை அரைச்சுற்று சுற்றி மறுபடி அளந்தாள், ரிம்மே நெளிந்திருந்தால் ஏமாந்துவிடக் கூடாதே. மறுபடி எழுதினாள். சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே எழுதினாள், யாரும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள முடியாது.

இதற்கு முதல் நாளே அடிச்சட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் விழுந்த இடங்களைக் குறித்து, குறுக்காக அளந்து வைத்திருந்தாள். கொத்தனார் வீட்டுக்கு மூலைமட்டம் பார்க்கிற அதே வேலை. இரண்டு குறுக்கும் ஒரே நீளம். "சட்டம் நேரா இருக்கு" என்று தும்மிக்கொண்டே சொன்னாள். கிளெமன்ட் நம்பவில்லை. தானே ஒருமுறை நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

6

[இங்கே ஒரு பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம்.]

இந்த மாதிரி அளக்கும்போது ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு ஆளின் எடை இருக்க வேண்டும். ஆள் ஏறினால் பட்டை அமுங்கும், அளவு மாறும். வழக்கமாக க்வெண்டா இரண்டு மூட்டை கோழித்தீவனத்தைத் தூக்கி வைப்பாள். மூட்டைகள் சுவரோரம் இருந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ஹெஸ்டர் வந்தாள். தொடக்கக் கோட்டுக் கடிகாரத்தின் ஒயர் அறுந்திருக்கிறது, எடுத்து வா, பற்ற வைத்துத் தருகிறேன் என்று க்வெண்டா முந்தின நாள் போன் செய்திருந்தாளாம். ஒயரை மேசையில் வைத்துவிட்டு ஹெஸ்டர் திரும்பப் போனாள். காரைப் பார்க்கவில்லை. அந்தக் காரை அவள் பார்ப்பதே இல்லை, தொடக்கக் கோட்டிலும் சக்கரத்தைத்தான் பார்ப்பாள்.

"ஹெஸ்டர், அஞ்சு நிமிஷம் அதுல ஏறி உக்காருங்க கண்ணு. எடை வேணும். தீவன மூட்டைய எலி கடிச்சிருச்சு."

கிளெமன்ட் வாயைத் திறந்தார். எடைக்குத்தானே, என்ன சொல்ல முடியும்? ஹெஸ்டர் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியில் கால் வைத்து, ஏறி உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பார்த்தேன், ஸ்டியரிங் மேல் இருந்தன.

மூட்டையில் ஓட்டை இருந்ததா? நான் பிறகு போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை.

அப்படியானால் கோணல் எங்கே என்று க்வெண்டாவுக்கு முன்பே தெரியும். மே மாதம் இதே காருக்கு பிரேக் குழாய் மாற்றியவள் அவள்தான், அடியில் படுத்துப் பார்த்திருப்பாள். தெரிந்தும் மூன்று மாதம் சும்மா இருந்தாளா? அது நல்லதா, தந்திரமா? கதையில் அவளை வெள்ளந்தியாக வைத்தால் வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்குத் தந்திரக்காரியைத்தான் பிடித்திருக்கிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.

7

ஹெஸ்டர் உட்கார்ந்த பிறகு எடுத்த அளவுகள் இவை. இடது பின்சக்கரத்தின் முன்விளிம்பு நரம்புக்குக் கிட்டே வந்திருக்கிறது. வலது பின்சக்கரத்தின் முன்விளிம்பு அதே அளவு விலகியிருக்கிறது. அதாவது இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரே பக்கம், இடப்பக்கம், பார்க்கின்றன.

"அடிபட்ட ஆக்சில் வளைஞ்சிருக்கும். வளைஞ்சா ஒரு சக்கரம் ஒரு பக்கம் பாக்கும், இன்னொண்ணு வேற பக்கம் பாக்கும்" என்றாள் க்வெண்டா. "இது ரெண்டும் ஜோடியா பாக்குது. ஆக்சில் வளையல கிளெமன்ட். இடது பக்கம் கால் அங்குலம் பின்னால தள்ளி உக்காந்திருக்கு."

"மோதினதுல தள்ளியிருக்கும்."

"இருக்கலாம். கீழ போய்ப் பாருங்க. ரெண்டு பக்கமும் பட்டை உக்கார்ற இடத்தப் பாருங்க. பெயின்டப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தானே விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள். கிளெமன்ட் பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனார்.

அவர் அங்கே கண்டதைப் பிறகு நானும் போய்ப் பார்த்தேன், அதனால் சொல்ல முடிகிறது. பட்டைக்கட்டின் நடுவில் ஒரு சென்டர் போல்ட் இருக்கும். அதன் தலை, ஆக்சிலில் இருக்கிற குழிக்குள் இறங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் ஆக்சில் தன் இடத்தில் நிற்கும். வலது பக்கம் உட்கார்ந்திருந்தது, பட்டையின் விளிம்பும் ஆக்சிலில் அது உட்காரும் இடத்தின் விளிம்பும் ஒட்டி நின்றன. இடது பக்கம் குழிக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. அப்படியே, பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். விளிம்பு கால் அங்குலம் படிபோல விலகியிருந்தது. அந்தப் படியின் மேலேயும், நட்டுகளின் மேலேயும், ஒரு கீறல் இல்லாமல், ஒரு வெடிப்பு இல்லாமல், பச்சைப் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. மோதி நகர்ந்திருந்தால் பெயின்ட் கிழிந்திருக்கும். அது கிழியவில்லை. பெயின்ட் அடித்தபோதே ஆக்சில் தள்ளித்தான் இருந்தது. பெயின்ட் என்றைக்கு அடித்தது என்று ஊருக்கே தெரியும், வருஷா வருஷம் சொல்லிச் சிரித்த கதை.

கோணல் காரில்தான் ஹெஸ்டர் அன்றைக்கு மேடு ஏறினாள். கோணலாக்கியது கிளெமன்ட்.

டார்ச் வெளிச்சம் முதலில் இப்படியும் அப்படியும் அலைந்தது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. எனக்குக் கை வலித்தது, நரம்பை விடவில்லை. மேலே ஹெஸ்டர், எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி, விளையாட்டாகக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்ன, எம் மேலதான் தப்பா?"

பிறகு அடியிலிருந்து கிளெமன்டின் குரல் வந்தது.

"ஹெஸ்டர்."

"ம்."

"பச்சை ஒட்டின அந்தச் சட்டை. இன்னும் வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன். ஏன்?"

8

இங்கேதான் க்வெண்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டீ போட வேண்டுமாம். டீ போட இரண்டு பேர் எதற்கு என்று கேட்டேன். எதற்கோ, வா என்றாள். நரம்பு என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

அதனால் அடுத்த இருபது நிமிஷம் என்னிடம் இல்லை. எழுதிப் பார்த்தேன், மூன்று விதமாக.

ஒன்றில் கிளெமன்ட் வெளியே வந்து மன்னிப்புக் கேட்கிறார். இந்த ஊரில் கால் தட்டினாலும் மன்னிப்பு, கதவைத் திறந்தாலும் மன்னிப்பு. நாள் முழுக்கச் சொல்கிற அதே சொல்லை முப்பத்து நாலு வருஷத்துக்கும் சேர்த்து அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? எழுத வரவில்லை. இன்னொன்றில் ஹெஸ்டர் இறங்கி, ஒயரை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்—

[பாதியில் விட்டேன். அவள் அப்படிச் செய்திருந்தால் நியாயம்தான். என் கோபத்தை அவளுக்கு மாட்டிவிடுகிறேனோ என்று பயந்துவிட்டேன்.]

மூன்றாவதில் அவள் அழுகிறாள். தன் மேல்தான் தப்பு என்று அவளே நம்பியிருந்தாள் என்று தெரிகிறது. இது உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதனாலேயே என்னால் எழுத முடியவில்லை.

நாங்கள் வெளியே நின்றபோது க்வெண்டாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. மூட்டையில் ஓட்டை எங்கே? "தேடினா கெடைக்கும்" என்றாள். கெட்டில் கொதித்து அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி கொதித்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

"நான் சொன்னா அவர் நம்பியிருக்க மாட்டார் கண்ணு. அவளும் அங்க இருக்கணும் இல்லையா?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இங்கே அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள். டீக் கோப்பைகளை வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனபோது ஹெஸ்டர் இருக்கையிலேயே இருந்தாள். கிளெமன்ட் நான் நின்ற இடத்தில் நின்றார். தரையில் விழுந்த நரம்பை எடுத்து இழுத்துப் பிடித்திருந்தார். அளவெல்லாம் முடிந்துவிட்டது, நரம்புக்கு வேலையே இல்லை. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

9

அடுத்த புதன்கிழமை க்வெண்டா யூ போல்ட்டுகளைக் கழற்றி, போல்ட்டின் தலையைக் குழிக்குள் இறக்கி, மறுபடி இறுக்கி, மறுபடி அளந்தாள். ஒரு மத்தியான வேலை. கிளெமன்ட் பக்கத்து ஊர் லெட்பரி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, "நேரா போகுது" என்றார். ரொம்ப நேரம் காரை விட்டு இறங்கவே இல்லை.

பதிவுச் செயலாளர் என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? ஆஷ்கோம்ப் போட்டிக்கான படிவம் நேற்றுத் தபாலில் வந்தது, கிளெமன்டின் கையெழுத்தில். கார்: டாம்சன். நிறம்: நீலம். உரிமையாளர்: கி. ட்ரான்டர். அதற்குக் கீழே 'ஓட்டுபவர்' என்று ஒரு கட்டம். பழைய கோப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எண்பத்திரண்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்தக் கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதியிருக்கிறார். இந்த வருஷம் காலி. படிவத்தோடு ஒரு துண்டுச்சீட்டு: "டில்லி, இதை ஹெஸ்டரிடம் கொடுங்கள். நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. அவள் இஷ்டம்."

பதிவுக்கு நாளை கடைசி நாள். காலை பதினோரு மணிக்கு ஹெஸ்டர் கடிகாரத்தைப் பற்றிப் பேச என் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. அவள் ஓட்ட விரும்பலாம். போதும் என்று சொல்லலாம். அண்ணனுக்கு இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு, கொடியை எடுத்துக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கே போய் நிற்கலாம். மூன்றையும் முடிவாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று ரொம்ப நன்றாகக்கூட வந்திருந்தது.

கிழித்துவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் தர மாட்டேன். முப்பத்து நாலு வருஷம் அந்தக் கட்டத்தை வேறு ஆள் நிரப்பியாயிற்று. படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பேனாவும் இருக்கிறது, எழுதிப் பார்த்துவிட்டேன், எழுதுகிறது.